மாமியாருக்கு உடம்பு சரியில்லை

பிப்ரவரி 4

அன்புள்ள மருமகளுக்கு,

இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்தெல்லாம் ஆன பிறகு நான் உனக்கு என்ன முறை என்று யாரிடம் போய்க் கேட்பது? வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். வங்கிக்கு எழுதுகிற மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மாமியாருக்கு உடம்பு சரியில்லை.

மறந்திருக்க மாட்டாய் என்றாலும் சொல்கிறேன். நம் ஹாலில், உப்புத் தண்ணீர்த் தொட்டியில், நடுப்பாறையின் மேல் தட்டு விரித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே, அந்தப் பவளம். நீ வாங்கி வந்த அன்றைக்கு அவளுடைய பத்தியத்தை எல்லாம் வரிசையாகச் சொன்னாய். வெயில் ஆகாது, சூடு ஆகாது, கை படக் கூடாது, தண்ணீர் ருசி மாறினால் முகம் சுருங்கிவிடும். "இந்த வீட்டுல மாமியார் இல்லாத குறை இன்னையோட தீந்துச்சு" என்று நான் சொன்னேன். அதுவே பெயராகிவிட்டது. என் மனைவி உயிரோடு இருந்திருந்தால்கூட உன்னை இவ்வளவு படுத்தியிருக்க மாட்டாள்.

அவளுடைய நிறம் உனக்குத் தெரியும். கடைக்கு வந்து யாராவது கேட்டிருந்தால், வறுத்த காப்பிக்கொட்டையில் இரண்டு சொட்டு ஊதா என்று கலந்து கொடுத்திருப்பேன். கொஞ்ச நாளாக மேல்பக்கம் வெளுக்கிறது. முதலில் பால் ஊற்றின காப்பியாக இருந்தது. இப்போது பால் மட்டும்தான் இருக்கிறது. பெயிண்ட் கடையில் ஆயுளுக்கும் நிறம் கலந்தவன் சொல்கிறேன், இது நல்ல வெளுப்பாகத் தெரியவில்லை.

நான் எதிலும் குறை வைக்கவில்லை. வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுகிறேன். மூடிக் கண்ணாடியில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த உப்பை வினிகர் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டேன். நீ இருந்த காலத்தில்கூட அது அப்படிப் பளிச்சென்று இருந்ததில்லை. ஹால் டியூப்லைட் போய்விட்டது, மாற்றச் சோம்பலாக இருக்கிறது. தொட்டி வெளிச்சமே எனக்குப் போதும். இதையும் சாப்பாட்டை முடித்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உன் போன் நம்பர் மாறிவிட்டது. வளர்ப்பு மீன்கடைக்காரர்தான் நீ வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபின் முகவரியைக் கொடுத்தார், தயங்கித் தயங்கி. அவர் மேல் கோபப்படாதே. காரணத்தையும் அவரிடமே கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டேன். கேள்வி முடிவதற்குள் ஒரு மருந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்து விலை சொன்னார். உன்னிடம் கேட்பதுதான் சரி என்று பட்டது.

மாமா

*

பிப்ரவரி 10

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. இனி லேபுக்கு எழுத வேண்டாம். ரிசப்ஷனில் இருக்கும் பெண் எந்தத் தபாலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறாள். கீழே நான் தங்கியிருக்கும் விடுதியின் முகவரி இருக்கிறது. நம்பர் தரவில்லை, தப்பாக நினைக்க வேண்டாம். போன் அடித்தால் யாராக இருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிற நிலையிலிருந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கிறேன்.

பவளம் வெளுப்பது தனி வியாதி இல்லை. காய்ச்சல் மாதிரி ஓர் அடையாளம். அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. நிறம் கொடுப்பதும் அதுதான், சமைத்துப் போடுவதும் அதுதான். ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் பவளம் அந்தக் குடித்தனக்காரரை வெளியே துரத்திவிடும். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்க வேண்டும். எங்கள் லேபிலும் அப்படித்தான் செய்வோம்.

முதலில் தண்ணீரின் சூடு. தொட்டியில் ஒட்டியிருக்கும் சூடு காட்டும் பட்டையை நம்ப வேண்டாம். மேஜை இழுப்பறையில் கண்ணாடி தெர்மாமீட்டர் இருக்கிறது. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பாருங்கள். இரண்டாவது உப்பு. அதைப் பார்க்கிற குழலும் அதே இழுப்பறையில் இருக்கிறது. விளக்கு வழக்கம்போல டைமரில்தானே ஓடுகிறது?

தொட்டியை விற்றுவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். மீன்கடைக்காரர் எடுத்துக்கொள்வார். இந்த வயதில் உங்களுக்கு இந்தச் சுமை எதற்கு?

*

பிப்ரவரி 16

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தில் மேலே மாமா இல்லை, கீழே மருமகள் இல்லை. "வணக்கம்" மட்டும் இருந்தது. முதலில் கொஞ்சம் சுருக்கென்றது. அப்புறம், பதில் போட்டாளே, அதுவே பெரிசு என்று சமாதானம் ஆகிவிட்டேன்.

சூடு மூன்று வேளையும் இருபத்தைந்துக்கும் இருபத்தாறுக்கும் நடுவில்தான் நிற்கிறது. உப்பு பார்க்கும் குழலைக் கண்டுபிடிக்கத்தான் பாடுபட்டேன். அது இழுப்பறையில் இல்லை. நீ விட்டுப் போன ஸ்வெட்டருக்குள் சுருட்டி அலமாரியில் வைத்திருந்தாய். தண்ணீரை ஒரு சொட்டு விட்டு ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவில் ஒரு கோடு. கோடு முப்பத்தைந்தில் நிற்கிறது. சரிதானே? அந்த நீலத்தைப் பற்றி எனக்கு ஒன்றிரண்டு அபிப்பிராயங்கள் உண்டு, அது இப்போது வேண்டாம்.

டைமரை நான் தொடவே இல்லை.

கோமாளி மீன்கள் இரண்டும் சௌக்கியம். பெரியது இன்னமும் சின்னதை விரட்டுகிறது. மாமியாருக்குத்தான் வெளுப்பு ஒரு விரல்கடை அளவு கீழே இறங்கியிருக்கிறது.

அவன் போன் பண்ணினான். உன் பேச்சு வரவில்லை. தொட்டி பேச்சு வந்தது. "வித்துடுங்கப்பா, வீணா கரண்ட்டுக்குக் கொட்டிக் கொடுக்கறீங்க" என்றான். பார்க்கலாம் என்றேன். நம் வீட்டில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம், அது உனக்குத் தெரியும். அவனுக்கு இன்னும் தெரியவில்லை. கடல் தாண்டிப் போய் இத்தனை வருஷமாகிறது, வீட்டுப் பாஷை மறந்துபோயிருக்கும்.

அடுத்து என்ன பார்க்க வேண்டும், எழுது.

மாமா

*

பிப்ரவரி 22

மாமா,

எழுதிவிட்டேன். முன் கடிதத்திலும் மாமா என்றுதான் ஆரம்பித்தேன், பிறகு வேறு தாளில் எழுதினேன். கோபத்தோடு ஒருவரை மாமா என்று கூப்பிட எனக்கு வரவில்லை. கோபம் போகவில்லை. ஆனால் அந்த ஸ்வெட்டர் கதையைப் படித்துவிட்டு "வணக்கம்" என்று எழுத முடியவில்லை.

கோபம் என்ன என்று கேட்க மாட்டீர்கள், நீங்கள் எதையும் கேட்கிறவர் இல்லை. நானே சொல்கிறேன். கிளம்பின அன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஹாலைக் கடந்து போனேன். நீங்கள் தொட்டிக்குப் பின்னால் குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நிமிரவே இல்லை. "டாக்ஸி வந்துடுச்சு" என்றீர்கள். அவ்வளவுதான். ஆறு வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். உங்கள் மகன் என்னோடு பேசினதைவிட நீங்கள் பேசினதுதான் அதிகம். அவர் கையெழுத்துப் போடச் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. அந்த டாக்ஸிக்குள் ஏறின பிறகுதான் வந்தது.

சரி, மாமியாருக்கு வருகிறேன். சூடும் உப்பும் சரியாக இருக்கின்றன. அடுத்தது தண்ணீரின் காரத்தன்மை. மருந்துப் பெட்டியில் நீல மூடி போட்ட சிறிய பாட்டில் இருக்கும். சோதனைக் குழாயில் கோடு வரைக்கும் தொட்டித் தண்ணீரை எடுத்து, அதில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். முதலில் நீலமாகும், பிறகு மஞ்சளாகும். எத்தனையாவது சொட்டில் மஞ்சள் என்று எழுதுங்கள்.

இங்கே ஓர் அறையில் மூன்று பேர் இருக்கிறோம். என் கட்டில் ஜன்னல் ஓரம். திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் குழாய்கள்தான் தெரியும். யாராவது அந்தப் பக்கம் குளித்தால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டால் நம் தொட்டியின் மோட்டார் மாதிரியே இருக்கிறது. பழக்க தோஷம்.

*

மார்ச் 1

அன்புள்ள மருமகளுக்கு,

முதலில் வேலையை முடித்துவிடுகிறேன். மஞ்சள் ஆகும் வரை என்று அந்தப் பாட்டிலோடு வந்த தாளிலும் போட்டிருக்கிறது. எந்த மஞ்சள்? எலுமிச்சையா, மாம்பழமா, பள்ளிக்கூட பஸ்ஸா? ஏழாவது சொட்டில் கிளிப்பச்சை. எட்டாவதில், மஞ்சள் என்று சொன்னால் சண்டை போட மாட்டேன். ஒன்பதாவதில் சந்தேகத்துக்கே இடமில்லை. எட்டு என்று வைத்துக்கொள். அந்தத் தாளை அச்சடித்தவன் என் கடைக்கு வந்திருந்தால் ஒரு வாரம் வெறும் மஞ்சள் டின்களை அடுக்க விட்டிருப்பேன்.

இப்போது டாக்ஸி.

நீ எழுதினது அத்தனையும் உண்மை. தொட்டிக்குப் பின்னால் துடைக்க ஒன்றும் இல்லை. காய்ந்த துணியால் காய்ந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாய் "போகாதேம்மா" என்று சொல்லிவிடும். சொன்னால் நீ நின்றுவிடுவாய் என்று பயந்தேன். நின்று என்ன செய்வாய்? வருஷத்துக்கு ஒரு தடவை விருந்தாளி மாதிரி வந்து, செல்போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போகிறவனுக்காகக் காத்துக் கிடப்பாய். மீதி நாளெல்லாம் எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பாய். என் வசதிக்காக உன்னைப் பிடித்து வைக்கக் கூடாது என்று நினைத்தேன். வாயை அடைக்க ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. வாசலில் டாக்ஸி வந்து நின்றது, அதையே சொன்னேன்.

அவன் நான் பெற்ற பிள்ளை. அவனைத் திட்டவும் நாக்கு வரவில்லை, உன்னை விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. இருதலைக்கொள்ளி எறும்பாக அந்தத் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். நீ கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகும் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாமியார் மேல்பக்கம் முழுக்க வெள்ளையாகிவிட்டாள். சதை கண்ணாடி மாதிரி இருக்கிறது, உள்ளே எலும்பு தெரிகிறது. பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ பதறாமல் எழுதுகிறாய், அதனால் நானும் பதறவில்லை.

மாமா

*

மார்ச் 8

மாமா,

உங்கள் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அறையில் அழ முடியாது, ஆளுக்கொரு காரணம் கேட்பார்கள்.

நீங்கள் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். "போகாதேம்மா" என்று நீங்கள் சொல்லியிருந்தாலும் நான் நின்றிருக்க மாட்டேன், மாமா. ஆனால் அதைக் கேட்டுவிட்டுப் போயிருப்பேன். இத்தனை மாதமாக, அந்த வீட்டில் நான் போனது ஒருத்தருக்கும் ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தூக்கம் வராதபோதெல்லாம் அதையேதான் நினைப்பேன். அது பொய் என்று தெரிந்துகொள்ள ஒரு பவளம் வெளுக்க வேண்டியிருந்திருக்கிறது.

சூடு சரி, உப்பு சரி, காரமும் சரி. பாக்கி ஒன்றுதான் இருக்கிறது. எல்லாரும் மாமியாரை மேலேயிருந்தே பார்க்கிறோம். நீங்கள் தரையில் உட்கார்ந்து கீழேயிருந்து பாருங்கள். பாறையின் நிழல் விழுகிற இடத்தில், அவளுடைய அடிப்பக்கம் என்ன நிறத்தில் இருக்கிறது? முட்டியைப் பார்த்துக்கொண்டு மெதுவாக உட்காருங்கள்.

இன்னொன்று. ஹாலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கி மாட்டுங்கள். வாட்ச்மேனிடம் சொன்னால் செய்து கொடுப்பார். கண் கெட்டுவிடும்.

லேபில் எனக்கு இப்போது மரியாதை கூடியிருக்கிறது. ஊசி என்றால் ஓடுகிறவர்களை எல்லாம் என்னிடம்தான் அனுப்புகிறார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே குத்திவிடுகிறேன். யாரிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கடையில் வாடிக்கையாளருக்குப் பிடிக்காத நிறத்தைக்கூடப் பேசியே விற்றுவிடுவீர்களாமே.

மருமகள்

*

மார்ச் 14

அன்புள்ள மருமகளுக்கு,

கடிதத்தின் கடைசியில் ஒரு வார்த்தை இருந்தது. அதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு நல்ல சேதியும் உண்டு. மாமியாருக்கு நிறம் திரும்பி வருகிறது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். தரையில் உட்கார்ந்து, பிறகு படுத்தும் பார்த்தேன். அடிப்பக்கம், நிழல் விழுகிற இடத்தில், பழைய காப்பிக்கொட்டை நிறம் அப்படியே இருக்கிறது. ஒரு பொட்டுகூட மங்கவில்லை. எழுந்திருக்கும்போதுதான் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். மீன்கள் இரண்டும் வேடிக்கை பார்த்தன.

எழுந்து நின்று மேல்பக்கத்தைப் பார்க்கிறேன், வெள்ளையின் மேல் மெல்லியதாக ஒரு பச்சை படர்ந்திருக்கிறது. நடுவில் கொஞ்சம் அடர்த்தி, ஓரங்களில் லேசு. பழைய நிறம் இல்லைதான். ஆனால் நல்ல நிறம் எதுவும் ஒரே பூச்சில் வராது, கீழே ஒன்று அடித்துக் காய விட்டுத்தான் மேலே அடிப்போம். அடுத்த பூச்சில் காப்பி வந்துவிடும் என்று நினைக்கிறேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்றைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன்.

டியூப்லைட் வாங்கிவிட்டேன். அட்டை உறையோடு சுவரில் சாய்ந்து நிற்கிறது. மாட்டலாம், என்ன அவசரம்.

மாமா

*

மார்ச் 18

மாமா,

கூரியரில் அனுப்புகிறேன். தொட்டி விளக்கை அணையுங்கள். கடிதத்தைப் படித்து முடித்த பிறகு வேண்டாம், இப்போதே எழுந்து போய் அணைத்துவிட்டு வாருங்கள்.

அது நிறம் இல்லை. செத்துப்போன எலும்பின் மேல் பிடிக்கிற பாசி. உயிரோடு இருக்கிற பவளத்தின் மேல் அது ஒட்டாது. எங்கே பச்சை தெரிகிறதோ அங்கே மாமியார் இல்லை. வெளுத்த பவளம் உடனே சாவதில்லை, பட்டினியாகக் கிடக்கும். அந்த நேரத்துக்குள் வெளிச்சத்தைக் குறைத்திருந்தால் நுண்பாசி திரும்பிக் குடிவந்திருக்கும். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

காரணம் எனக்கு முதலிலிருந்தே தெரியும். ரிசப்ஷனில் நின்றுகொண்டே உங்கள் முதல் கடிதத்தைப் படித்தேன், அப்போதே தெரிந்துவிட்டது. சாப்பாட்டை முடித்துவிட்டுத் தொட்டி வெளிச்சத்தில் எழுதுகிறேன் என்று இருந்தது. அந்த விளக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு அணைய வேண்டியது. நீங்கள் எட்டரைக்கு முன்னால் தட்டைத் தொட மாட்டீர்கள். அதோடு வெளிச்சத்தைப் பாதி தடுத்துக்கொண்டிருந்த உப்புப் படலத்தையும் வினிகர் போட்டுத் துடைத்திருக்கிறீர்கள். நிழலில் வளர்ந்தவளை நட்டநடு வெயிலில், அதுவும் நாள் முழுக்க, உட்கார வைத்த மாதிரி. இதற்கு ஒரு பரிசோதனையும் தேவையில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். வெயில் படுகிற பக்கத்துச் சுவர்தான் முதலில் வெளுக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். மேல்பக்கம் மட்டும் வெளுக்கிறது என்று எழுதுகிறவருக்கா காரணம் தெரியாது? விளக்கை அப்போதே குறைத்திருப்பார், எனக்கு எழுத ஒரு சாக்கு வேண்டும், அதனால் கேட்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்கும் பதில் எழுத ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதனால்தான் ஒரு கடிதத்துக்கு ஒரு சோதனை என்று நீட்டினேன். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதியிருக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. விளக்கை அணையுங்கள் என்று எழுதினால், அந்த வெளிச்சத்தில் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும் என்றும் எழுத வேண்டிவரும். ஆறு மணிக்கு நான் வேலை முடிந்து வருவேன், ஏழு மணிக்கு அது அணைகிற வரைக்கும் அங்கேதான். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். நீங்களும் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொள்வீர்கள். அந்த நாற்காலியைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை. டியூப்லைட் வாங்குங்கள் என்று சுற்றி வளைத்தேன்.

அடிப்பக்கத்தில் நிறம் இருக்கும் துண்டை மட்டும் ஒடித்துத் தனியே நிழலில் வையுங்கள். மீதியை வெளியே எடுத்துவிடுங்கள், அழுகினால் தண்ணீர் கெடும், மீன்களும் போய்விடும்.

கீழே என் நம்பர் இருக்கிறது. ஏதாவது என்றால் கூப்பிடுங்கள். ஒன்றும் இல்லை என்றாலும் கூப்பிடுங்கள்.

மருமகள்

*

மார்ச் 23

அன்புள்ள மருமகளுக்கு,

முதல் பாராவிலேயே எழுந்து போய் அணைத்துவிட்டேன். மீதியை பால்கனிக்கு எடுத்துப்போய்த் தெருவிளக்கில் படித்தேன்.

உன் நம்பரை அழுத்தி அழுத்தி, மணி அடிப்பதற்கு முன்னால் வைத்துவிட்டேன். முதலில் இதை எழுதிவிடுகிறேன். போனில் என்றால் நான் நடுவில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன், நீயும் விட்டுவிடுவாய்.

எனக்கும் தெரியும். வெளுப்பு ஆரம்பித்த அன்றைக்கே தெரியும். மேலே வெளுத்து கீழே நிறம் இருந்தால் கோளாறு மேலே இருக்கிறது என்று கடையில் நேற்று சேர்ந்தவனுக்கே தெரியும். டைமரைத் தொடவில்லை என்று எழுதினேனே, அது பொய் இல்லை. விளக்கின் பிளக்கை டைமரிலிருந்து பிடுங்கி நேராகச் சுவரில் சொருகினேன். கையெழுத்து ஆன அன்றைக்குச் சாயங்காலம் செய்தது. ஏழு மணிக்குப் பட்டென்று அணைந்துபோவதை அன்றைக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை.

முதல் கடிதத்தை உனக்குத் தபாலில் போட்ட பிறகு ஒரு நாள் அணைத்துப் பார்த்தேன். ஹாலில் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பப் போட்டுவிட்டேன். விளக்கை நானே குறைத்து அவள் தேறிவிட்டால், உன்னிடம் கேட்க என்ன இருக்கும் என்ற கணக்கும் உள்ளே ஓடியது, மறைக்க மாட்டேன். ஆனால் அவள் செத்துப்போவாள் என்று நினைக்கவில்லை, சத்தியமாக. சுவர் வெளுத்தால் திரும்ப அடித்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த வெளுப்பு அதுதான். அதோடு, அவசரம் என்றால் நீ சொல்லிவிடுவாய் என்று இருந்தேன். அவசரம் என்றால் நான் அணைத்துவிடுவேன் என்று நீ இருந்திருக்கிறாய். ஒருத்தரை ஒருத்தர் அவ்வளவு நம்பியிருக்கிறோம். பாவம், அவள்தான் நடுவில் பட்டினி கிடந்தாள்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே மாமனாரும் மருமகளும் சேர்ந்து மாமியாரையே உடைத்துவிட்டோம். இது என்ன குடம் என்று யாரிடம் கேட்பது? சிரிக்கத்தான் எழுதினேன், எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

நீ சொன்னபடி செய்துவிட்டேன். கட்டிங் பிளேயரால் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அளவு ஒடித்தேன். மளுக்கென்ற சத்தம் கைக்குள் கேட்டது. அதைத் தொட்டியின் மூலையில் பாறை மறைவில் வைத்திருக்கிறேன். மீதியை வெளியே எடுத்துப் பாசியைத் தேய்த்துக் கழுவினேன். சுத்தமான வெள்ளை. அவ்வளவு வெள்ளையை நான் எந்த டின்னிலும் பார்த்ததில்லை. குப்பையில் போடக் கை வரவில்லை. சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன், நீ வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன். அந்தச் சின்னத் துண்டு பிழைத்தால் சொல்கிறேன். பிழைக்கவில்லை என்றாலும் அன்றைக்கே சொல்கிறேன்.

வாட்ச்மேன் வந்து டியூப்லைட்டை மாட்டிவிட்டுப் போனார். ஹால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. உன் நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதுவும் இப்போது நன்றாகத் தெரிகிறது. அவன் போன் பண்ணினபோது, தொட்டியை விற்கப் போவதில்லை என்று சொன்னேன். பார்க்கலாம் என்று சொல்லவில்லை. முடியாது என்றே சொன்னேன்.

விளக்கைத் திரும்ப டைமரில் சொருகியிருக்கிறேன். சனிக்கிழமைக்குள் இது உனக்கு வந்துவிடும். அன்றைக்கு ஏழு மணிக்கு அது அணைந்ததும் உன்னைக் கூப்பிடுகிறேன். உனக்கு எழுத ஆரம்பித்ததிலிருந்து மாமியாரைப் பற்றித்தான் பேசினோம். இனி பேச அவளும் இல்லை. சும்மா பேசலாம். எடும்மா.

மாமா